நீர்த்தேவதையின் கொள்ளுப்பேரன்

பிரெஞ்சு தேசத்தில், பனி மூடிய ஓர் ஆற்றங்கரையில் ஆங்கெரான் பிரபு இருந்தான். கோட்டை உண்டு, கொடி உண்டு. முன்னோர் யார் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டான். அவனுக்கு அக்கரைப் பிரபுவின் மகளைக் கட்ட ஆசை. அவளோ அந்த ஆற்று நீர்த்தேவதையின் கொள்ளுப்பேத்தி என்று ஊரே சொல்லும்.

வம்சப் படம் எழுதும் பெரின் என்பவளை அழைத்தான்.

"என்னையும் அந்தத் தேவதையின் கொள்ளுப்பேரனாக எழுது. இல்லையென்றால் உன் கை இருக்காது."

"உங்கள் சித்தம், பிரபுவே."

எழுதினாள். நீலத்தில் ஆறு, பொன்னில் தேவதை, அவள் கூந்தல் இழைகளில் மிதக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பார்த்தவர்கள் கனவுக்குள் நீந்துவதுபோல் நின்றார்கள்.

திருமணத்தன்று பாதிரியார் படத்தைப் பார்த்தார். வேதப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"இருவருக்கும் கொள்ளுப்பாட்டி ஒருத்தியே. இவ்வளவு நெருங்கிய ரத்த உறவில் மணம் முடிக்கத் திருச்சபை விடாது."

"ஐயோ, அது பொய்!" என்று பிரபு அலறினான். "என் கொள்ளுத்தாத்தா இந்த ஆற்றில் விலாங்கு மீன் பிடித்து விற்றவர்!"

மணப்பெண் முக்காட்டுக்குள் சிரித்தாள்.

பெரின் பணிவாகச் சொன்னாள்: "அதனாலென்ன பிரபுவே, உங்கள் வம்சமும் ஆற்றிலிருந்துதானே வந்திருக்கிறது!"