திருப்பி அனுப்பும் சீட்டு

மாதம்மாளுக்கு இடது கையில் மூன்று விரல்கள் போயின. போனது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமையே அவளை, ஒப்பந்தத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் திருப்பி அனுப்பிவிட்டதாகப் புதன்கிழமை ஒரு சீட்டு எழுதச் சொன்னது கம்பெனி. கையெழுத்துப் போட வேண்டியவர் கோதண்டம்.

ஓசூர்ப் பக்கம், இரும்புத் தகட்டை அழுத்தி மோட்டார் மூடி செய்யும் தொழிற்சாலை அது. அந்தச் சீட்டு மட்டும் இருந்துவிட்டால் விபத்தன்று மாதம்மாள் அங்கே வேலையிலேயே இல்லை. அவள் கைக்கும் கம்பெனிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அப்படியானால் விரல்கள் யார் வீட்டு மிஷினில் போயின என்று கேட்க அங்கே ஓர் ஆளில்லை.

கோதண்டம் கெட்டவர் அல்ல. இருபது வருடம் விற்பனையில் இருந்துவிட்டுக் கொள்முதலுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. தகடு, ரப்பர், எண்ணெய், மிஷின் எல்லாம் வாங்குவார். ஒப்பந்த ஆட்களையும் அவர்தான் வாங்கவேண்டும். மாதாமாதம் ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் போகும். 'பெண்கள், எண்ணிக்கை பதினாறு.' பேர் எழுத அதில் இடம் கிடையாது.

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அமுதவல்லி. அவரைவிட ஆறு வயது இளையவர். எதைக் கேட்டாலும் வாயால் பதில் வராது. ஒரு பொருளைத் தூக்கிக் கையில் கொடுப்பார். "குரு வந்தாச்சு, சிஷ்யர் எங்கப்பா?" என்று கேன்டீனில் கேலி செய்வார்கள்.

சரக்கைத் திருப்பி அனுப்பப் போடும் அதே சீட்டுதான். அதில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. 'பொருளின் வகை.'

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"மாதம்மாளை எந்த வகையில வாங்கினோம்?"

அமுதவல்லி சீட்டை வாங்கினார். தேதியை இரண்டு தரம் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, தேடிப் பார்க்கலாம்."

முதல் கூடத்தில் மூலப்பொருள். தகடுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"கைய வைங்க."

வைத்தார். எண்ணெய் ஒட்டியது.

"எதுக்கு எண்ணெய்?"

"துருப்பிடிக்காம இருக்க."

"அடியில எதுக்குக் கட்டை?"

"தரை ஈரம் ஏறக்கூடாதே மேடம்."

"மாதம்மா இங்க இருக்காங்களா?"

"இல்ல."

அடுத்தது, அப்படியே எடுத்துப் பொருத்தும் பாகங்கள். ரப்பர் வளையங்கள் கறுப்பு உறைக்குள் இருந்தன. வெளிச்சம் பட்டால் இறுகிவிடும். பேரிங்குகளுக்கு மெழுகுத்தாள். கைவேர்வை ஆகாது.

"இங்க?"

"இல்ல மேடம்."

மூன்றாவது அறை எண்ணெய், உப்புத்தாள், துடைக்கிற பஞ்சு. கோதண்டம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்கதான் இருக்கணும்னு நினைச்சேன். தீரத் தீர வாங்கறது." சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே கூசியது.

அமுதவல்லி ஒரு தகர டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "துடைச்சுப் போட்ட பஞ்சு. இதுக்கு எதுக்கு மூடி?"

"எண்ணெய்ப் பஞ்சு மேடம். தானாவே தீப்பிடிச்சுக்கும்."

"குப்பைக்குப் போறதுக்கே மூடி இருக்கு."

வெளியே, இன்னும் பொருத்தாத புது மிஷின் தார்ப்பாய் போர்த்தி நின்றது. கழுத்தில் ஓர் அட்டை. மாதம் ஒருமுறை யார் வந்து பார்த்தார்கள், பேர், தேதி, கையெழுத்து.

கடைசியாக உதிரி பாகங்கள். ஒரு பெட்டி காலி. மேலே ஒட்டியிருந்ததைக் கோதண்டம் படித்தார். 'பிரஸ் நாலு. இடது பொத்தான். ஸ்பிரிங்.'

தகடு அழுத்தும் நாலாவது மிஷின். மாதம்மாள் நின்றது அதில்தான். அந்த ஸ்பிரிங் கேட்டு வந்த காகிதம் மூன்று வாரமாக அவர் மேஜை இழுப்பறையில், அடியில் கிடக்கிறது. தகடு நின்றால் தொழிற்சாலை நின்றுவிடும். அதனால் தகட்டுக் காகிதங்கள் மேலே. ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் மிஷின் ஓடும். அதனால் அது கீழே.

ஓடியது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே அகப்படக் கூடாதென்று செய்த ஏற்பாடு. தூக்கிவிட ஸ்பிரிங் இல்லாமல் இடது பொத்தான் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டால் வலது கை ஒன்றே போதும். இடது கை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

அமுதவல்லி கதவைப் பூட்டினார். "எங்கயும் காணோமே சார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்களையே கேட்டுட்டு வாங்க."

போனார். மாதம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கம்பெனியா சார்?"

"ஆமாம்மா. கோதண்டம்."

"எம் பேரு தெரியுமா உங்களுக்கு?"

"நேத்துதான் தெரிஞ்சுதும்மா."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எம் மிஷின்ல இப்ப யாரு நிக்கறா?"

"காலையில ஒருத்தங்க வந்தாங்க."

"யாரு? பேரென்ன?"

'பெண், எண்ணிக்கை ஒன்று, உடனே' என்று எழுதியது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"அவகிட்டச் சொல்லிடுங்க சார். இடது பொத்தான் ஒட்டும். கிழிஞ்ச சீலையைச் சுருட்டி அடியில சொருகி வெச்சிருந்தேன், அது தூக்கிக் குடுக்கும். செவ்வாய்க்கெழம அது எப்பவோ நழுவிடுச்சு, நான் பாக்கல. வேற துணி சொருகிக்கச் சொல்லுங்க. மறந்துடாதீங்க."

கேட்க வந்ததை அவர் கேட்கவில்லை. வந்த வண்டியிலேயே திரும்பினார். நேரே போய்ப் பிரஸ் நாலின் மெயின் சுவிட்சை அணைத்தார். சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தார். மிஷின் முன்னால் நின்ற பெண் பயந்துபோய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உன் பேரென்னம்மா?"

"சின்னபாப்பா சார். நான் ஒண்ணும் பண்ணல சார்."

பத்து விரலும் இருந்தன.

ஸ்டோர்ஸில் அமுதவல்லி அதே நாற்காலியில் இருந்தார். எதிரே சீட்டு, கட்டம் காலியாக.

"மேனேஜர் ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டார் மேடம். வகை எழுதாம இது செல்லாதாம். எதையாவது போட்டுக் குடுத்துட்டுப் போய்யாங்கறார்."

"மாதம்மா என்ன சொன்னாங்க?"

"புதுசா வந்தவளைப் பத்திரமா இருக்கச் சொன்னாங்க."

அமுதவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கோதண்டம் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "இருபது வருஷம் சர்வீஸ் உங்களுக்கு. நீங்களே சொல்லுங்க. எந்த வகையில அவங்களை நாம வாங்கினோம்?"

"வாங்கல சார். வாங்கியிருந்தா பத்திரமா வெச்சிருப்போமே."