இடது இறக்கைக்குள்

"ஒரு வேலைய நான் செஞ்சேனா, செஞ்சதா நெனச்சுக்கறனான்னு எப்படிங்க மேடம் தெரிஞ்சுக்கறது?" என்று வெள்ளிங்கிரி கேட்டார்.

ரெஜினா எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எந்த வேலைங்கண்ணா?"

"இடது பக்கம், கீழ் ரெக்கை. உள்ள இருக்கற டர்ன்பக்கிள்."

ரெஜினா துணியைக் கீழே வைத்தார்.



காரைமேட்டில் ஒரு சிறிய விமானக் காட்சியகம் இருக்கிறது. யுத்தகாலத்தில் போட்ட ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மூன்று பழைய ராணுவ விமானங்கள். இரண்டு வெறுமனே நிற்பவை. ஒன்று பறப்பது.

அந்தப் பறக்கும் விமானத்துக்கு மேலே இரண்டு இறக்கை, கீழே இரண்டு இறக்கை. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தித் தைத்தவை. துணியின் மேல் டோப் என்று ஒரு பூச்சு. அது காயக் காயத் துணி இழுத்துக்கொண்டு மேளத்தோல் போல் விறைக்கும்.

அதைப் பார்த்துக்கொள்கிற யாருக்கும் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர். ஒருவர் அரிசி மில் நடத்துபவர். வெள்ளிங்கிரி டவுனில் கார் சீட் தைக்கும் கடை வைத்திருப்பவர்.

ரெஜினா வெள்ளிங்கிரியைவிடப் பதினைந்து வயது இளையவர். மற்ற நாட்களில் விமான நிலையத்தில் எஞ்சினியர். இந்த விமானம் பறக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். வெள்ளிங்கிரி எல்லாவற்றையும் அவரிடம்தான் கற்றார்.

அன்று பறக்கும் நாள்.



வெள்ளிங்கிரி சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்தார். ஒரு சாண் நீளம். வளையாமல் நேராக இருந்தது.

"இது பழைய ஏப்ரன் பையில கெடந்துச்சுங்க. ரெக்கைய துணி போட்டு மூடுன அன்னைக்குப் போட்டிருந்த ஏப்ரன். இன்னைக்குக் காலைலதான் கை விட்டேன்."

"பூட்டுக் கம்பி."

"ஆமாங்க. நான் மொத்தமா வெட்டி வெச்சுக்க மாட்டனுங்க. ஒண்ணு வெட்டுவேன், ஒண்ணு கட்டுவேன். அப்புறந்தான் அடுத்தது. எனக்கு மிச்சம் வராது."

ரெஜினா கம்பியை வாங்கிப் பார்த்தார்.

விமானியின் கைப்பிடியிலிருந்து இறக்கைக்குள் ஒரு கம்பி வடம் ஓடுகிறது. அதை இறுக்கிப் பிடிக்கிற திருகுதான் டர்ன்பக்கிள். இறுக்கியபின் கழலாமல் இருக்க அதைச் சுற்றி மெல்லிய கம்பியை முறுக்கிப் பூட்ட வேண்டும். பூட்டவில்லையென்றால் எஞ்சின் அதிரும்போது திருகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். வடம் தளர்ந்தால் விமானம் திரும்பச் சொன்ன பக்கம் திரும்பாது.

மற்ற திருகுகளைப் பார்க்கத் துணியில் சிறு மூடிகள் உண்டு. அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை.

"அன்னைக்கு அதைக் கட்டற நேரத்துல மழை வந்துச்சுங்க. தார்ப்பாய் இழுக்க ஓடுனோம். திரும்பி வந்து கட்டுனேன்னுதான் நெனக்கறேன். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு கட்டியிருப்பனுங்க."

ரெஜினா கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களும் தொட்டுப் பாத்தீங்களே மேடம்?"

ஒருவர் பூட்டினால் இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அது எல்லா இடத்திலும் உள்ள விதி.

"பாத்தேன். எல்லாத்தையும் தொட்டேன். அதைத் தொட்டேனான்னு கேட்டா, ஆமான்னு வாய் சொல்லுது."

"கை?"

ரெஜினா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை ஒண்ணும் சொல்லலீங்கண்ணா."



கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு சிவப்பு நாடா தொங்கும்.

காரைமேட்டில் ஒரு வழக்கம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த நாடாவை விமானியின் கைப்பிடியில் கட்டலாம். காரணம் கேட்கக் கூடாது என்று இல்லை, கேட்கலாம். ஆனால் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை விமானம் நகராது.

பறக்கும் நாளில் அதை யாரும் கட்டியதில்லை.

ரெஜினா நாடாவை எடுத்து வந்து வெள்ளிங்கிரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களே கட்டிடுங்க மேடம். நீங்க சொன்னா கமாண்டர் சார் கேப்பாரு."

"உங்க கேள்விக்கு நான் எப்படிங்கண்ணா கட்டறது?"

வெள்ளிங்கிரி வெளியே பார்த்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம் கூடியிருந்தது. இந்தப் பக்கம் புல்லில் விமானம் நின்றது. அதன் பக்கத்தில் விங் கமாண்டர் நல்லதம்பி நின்றார். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வயதில் முதன்முதலாகத் தனியாக மேலே போனது இதே விமானத்தில்தான்.

இந்த மாதக் கடைசியோடு அவருடைய மருத்துவச் சான்று முடிகிறது. அடுத்த பரிசோதனையில் கண் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்துக்குப் பறக்க அனுமதி கிடைத்திருந்ததும் அந்த ஒரு காலைக்குத்தான். அடுத்த வாரம் மழை தொடங்கிவிடும்.

அன்று இல்லையென்றால் அவருக்கு இனி இல்லை. அது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிங்கிரி நாடாவோடு புல்லில் நடந்தார்.



"என்ன வெள்ளிங்கிரி, மாலைக்குப் பதிலா நாடாவா?" என்று கமாண்டர் சிரித்தார்.

வெள்ளிங்கிரி சிரிக்கவில்லை. இருக்கைக்குள் குனிந்து கைப்பிடியில் நாடாவைக் கட்டினார். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

கமாண்டரின் சிரிப்பு நின்றது.

வெள்ளிங்கிரி காரணத்தைச் சொன்னார். கம்பித் துண்டையும் காட்டினார்.

"இதுக்காகவா?"

"ஆமாங்க சார்."

"இப்பத்தான் கைப்பிடிய அசைச்சுப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுது."

"இப்ப ஓடுமுங்க சார். மேல போய் அதிர்றப்பத்தான்..."

"எனக்கே பாடமா?"

வெள்ளிங்கிரி தலை குனிந்தார்.

"உங்க கடைல சீட் தைச்சுக் குடுக்கறீங்க. வண்டி போனப்புறம் பின்னாடியே ஓடிப்போய்ப் பிரிச்சுப் பாப்பீங்களா?"

"சீட்டு கழண்டா வண்டிய ஓரமா நிறுத்திக்கலாமுங்க சார்."

பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமாண்டர் திரும்பியதும் இருமிக்கொண்டார்.

கமாண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருங்க. நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு நான் பாத்திருக்கேன். நான் உங்களை நம்பறேன். ஏறப்போறது நான். எனக்கு அது போதும்."

"எனக்குப் போதலீங்களே சார்."

"அவுத்துடுங்க வெள்ளிங்கிரி."

வெள்ளிங்கிரி நின்ற இடத்திலேயே நின்றார். கண் கலங்கியது. கை நாடாவின் பக்கம் போகவில்லை.

கமாண்டர் ரெஜினாவைப் பார்த்தார்.

"அவர் கட்டினது சார்," என்றார் ரெஜினா.

கமாண்டர் தலைக்கவசத்தைக் கழற்றி இருக்கையில் போட்டார். நடந்துபோய்த் தன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் கிளம்பவில்லை.



அரிசி மில்காரர் மைக்கில் சொன்னார். இன்று விமானம் பறக்காது. மன்னிக்க வேண்டும்.

"அப்ப எதுக்குடா விடியாம எழுப்பிக் கூட்டிட்டு வந்தே?" என்று கூட்டத்தில் ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"முறுக்குக்காரனுக்காவது யாவாரம் ஆச்சில்ல, வா," என்றார் அவர்.

விமானத்தைத் தள்ளிக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். வால் பக்கத்தை வெள்ளிங்கிரி பிடித்தார். அவரோடு யாரும் பேசவில்லை.

ரெஜினா ஒரு சிறிய கத்தியை நீட்டினார்.

இடது கீழ் இறக்கையின் அடியில் வெள்ளிங்கிரி மல்லாந்து படுத்தார். முகத்துக்கு நேரே துணி. அதன் ஒவ்வொரு தையலும் அவருடையது. நூலுக்கு மெழுகு தேய்த்தது, முடிச்சுப் போட்டது, டோப் அடித்து, காய்ந்தபின் தேய்த்து, மறுபடி அடித்தது எல்லாம் அவர்தான். ஒரு கிழிசலைத் தைத்துப் பூசலாம். ஆனால் இந்த ஈரக் காற்றில் பூச்சு வெளுத்துப் போகும். சரியாகக் காய நாளாகும்.

"இதைக் கிழிச்சா இன்னைக்கு இல்லவே இல்லீங்க," என்றார் கீழேயிருந்து.

"ஆமாங்கண்ணா."

"உள்ள இருக்குமுங்களா?"

"தெரியாது."

"இருக்கணும்னு நெனக்கறீங்களா, இருக்கக் கூடாதுன்னா?"

"நான் எதுவும் நெனக்கல. எனக்குத் தெரியணும்."

வெள்ளிங்கிரி கத்தி முனையைத் துணியில் வைத்தார். பிறகு துணி கிழிகிற சத்தம் கேட்டது. விறைப்பான துணி என்பதால் சத்தம் பெரிதாகவே கேட்டது. பக்கத்தில் நின்ற பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிங்கிரி கையை உள்ளே விட்டார்.

முழங்கை வரை போனது. நின்றது.

"அண்ணா?"

தோள் மட்டும் மெல்ல அசைந்தது.

"வெள்ளிங்கிரி அண்ணா?"

"இருக்குதுங்க."



ரெஜினாவும் படுத்து, கையை விட்டார். மெதுவாகத் தடவினார்.

"இருக்கு. ரெண்டு மொனையும் முறுக்கியிருக்கு. நல்லா இருக்கு."

வெள்ளிங்கிரி எழுந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து அந்தக் கம்பித் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப இது எங்கிருந்துங்க வந்துச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. மழையில் ஓடியபோது வெட்டிய துண்டைப் பையில் போட்டிருப்பார், திரும்பி வந்து இன்னொன்று வெட்டியிருப்பார் என்று பல் டாக்டர் சொன்னார். இருக்கலாம்.

வெள்ளிங்கிரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நானே கட்டியிருக்கேன். எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. அந்த மனுசனோட கடைசி நாளை நான் ஒண்ணுமில்லாததுக்குக் கெடுத்துட்டேன். நான் எப்படி அவரு மூஞ்சில முழிப்பேன்?"

ரெஜினா எழுந்து வெளியே போனார். காரின் கண்ணாடியைத் தட்டினார்.



கமாண்டர் வந்தார். இறக்கையின் அடியில் தொங்கிய கிழிசலைப் பார்த்தார். வயதான முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கித் தரையில் உட்கார்ந்தார். அவரே கையை உள்ளே விட்டார்.

நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், என்னை மன்னிச்சுருங்க," என்றார் வெள்ளிங்கிரி.

கமாண்டர் அவரைப் பார்க்கவில்லை.

"கார்ல உக்காந்து என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? வேண்டிக்கிட்டிருந்தேன்."

"கம்பி இருக்கணும்னுங்களா சார்?"

"இருக்கக் கூடாதுன்னு."

கமாண்டரின் விரல் கம்பியின் முனையில் நின்றது.

"இருந்துட்டா, எனக்குப் போனது வீணாப் போனதாயிடும்ல. அதான். வேற யாராவது அடுத்த வருசம் ஓட்டட்டும், கவுந்து போகட்டும், இந்தக் கம்பி மட்டும் இருக்கக் கூடாதுன்னு. அப்படி ஒரு வேண்டுதல்."

"நானுந்தாங்க சார்," என்றார் வெள்ளிங்கிரி. "கிழிக்கறப்ப அதையேதான் வேண்டிக்கிட்டேன். இல்லாம இருந்துட்டா நான் தப்பிச்சுக்குவேன்னு."

கமாண்டர் இப்போது அவரைப் பார்த்தார். பிறகு இருவரும் ரெஜினாவைப் பார்த்தார்கள்.

ரெஜினா கிழிசலின் ஓரத்தைப் பிடித்து, நூலிழைகள் எந்த அளவுக்குப் பிரிந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றார் வெள்ளிங்கிரி. "மறைக்காம சொல்லுங்க. காலைல சார் பறந்திருக்கலாந்தானுங்களே? ஒண்ணும் ஆகியிருக்காதுல்லீங்க?"

ரெஜினா கமாண்டரின் பக்கம் திரும்பி, காத்திருந்தார்.

கமாண்டரின் கை இன்னும் இறக்கைக்குள்தான் இருந்தது.

"ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார்.

கையை வெளியே எடுத்தார்.

"ஆனா பறந்திருக்கக் கூடாது."