முத்துப்பேச்சி குடிக்காத தண்ணீர்

பங்குனித் திருவிழாவுக்கு வந்த முத்துப்பேச்சி மடத்து வாசலில் மயங்கி விழுந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து இரண்டு நாளாக அவள் பொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று கூட வந்த அக்கா சொன்னாள். சின்ன வயதிலேயே முத்துப்பேச்சிக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கைகளை ஊன்றித் தவழ்ந்துதான் போவாள்.

ஏகாம்பரத்துக்கு மனசு ஆறவில்லை. அரசாங்கத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றபின் மடத்துக்குச் சீடராக வந்தவர் அவர். யாத்ரீகர்களுக்கான தண்ணீர்ப் பந்தல், கழிப்பறை எல்லாம் அவர் முன்னின்று கட்டியவை. மடத்தின் தலைவி சிவஞான அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஏகாம்பரம் அம்மையிடம் போய்க் கேட்டார்.

"பத்தடியில் பந்தல் இருந்ததே அம்மா. ஏன் குடிக்கவில்லை? ஏதாவது விரதமா?"

அம்மை ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். ஏகாம்பரம் குடித்தார். இன்னொரு செம்பு வந்தது. அதையும் குடித்தார்.

"இங்கேயே உட்காருங்கள். சிறுநீர் முட்டும்போது சொல்லுங்கள்."

ஒரு மணி நேரத்தில் ஏகாம்பரம் நெளிந்தார்.

"போய் வாருங்கள். காலை ஊன்றாமல்."

கைகளை ஊன்றி முற்றத்தைக் கடந்தார். கழிப்பறைக்கு முன்னால் மூன்று படிகள். மழைத்தண்ணீர் ஏறக் கூடாதென்று அவரே உயர்த்திக் கட்டியவை. இரண்டாவது படியில் உள்ளங்கை சிராய்த்தது. உள்ளே தரை முழுக்க ஈரம். வெறும் தண்ணீர் இல்லை. அதில்தான் கையை வைத்தாக வேண்டும். வைத்தார். கதவின் தாழ்ப்பாள் தலைக்கு மேலே இருந்தது. எக்கினார். எட்டவில்லை. மறுபடி எக்கும்போது வேட்டி நனைந்துவிட்டது.

வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் எழுந்து நடந்து வந்திருக்கலாம். நடக்கத் தோன்றவில்லை. தவழ்ந்தே திரும்பி வந்தார்.

அம்மை மாற்று வேட்டியை அவர் பக்கத்தில் வைத்தார்.

ஏகாம்பரம் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார்.

"அந்தப் பெண் பெயரில் அன்னதானம் போடுகிறேன் அம்மா. அவளை மாதிரி நடக்க முடியாதவர்களை எல்லா ஊரிலிருந்தும் வரவழைக்கிறேன். நானே பரிமாறுகிறேன்."

"போடலாம்," என்றார் அம்மை. "சாப்பிட்ட பிறகு அவர்களை எங்கே போகச் சொல்வீர்கள்?"