கடைசியாகப் புரிந்த இடம்

தாவீது சற்குணம் வாத்தியார் வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினார். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில், கணினி அறிவியல் முதலாண்டுக்குப் பாடம் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

துறைத் தலைவர் மெஹருன்னிசா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அவருடைய துறையைப் பற்றி மற்ற கல்லூரிக்காரர்கள் ஆச்சரியமாகப் பேசிக்கொள்வது ஒன்றே ஒன்றைத்தான். அங்கே சேர்ந்த பிள்ளைகள் பாதியில் விட்டுப் போவதில்லை. தமிழ் மீடியத்தில் படித்து, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காமல் வருகிறவர்கள்கூடப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே போகிறார்கள். எப்படி என்று கேட்டால் மெஹருன்னிசா சிரிப்பார். "பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க" என்பார்.

அந்த வருஷம் சற்குணத்தின் வகுப்பில் மட்டும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அவர் உழைப்புக்கு அஞ்சியவர் இல்லை. கம்பீரமாகப் பாடம் நடத்துவார். குரலும் கணீரென்று இருக்கும். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் சந்தேகம் உண்டா என்று மறக்காமல் கேட்பார். ஒரு கையும் உயராது. புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் துறைத் தலைவரின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு விஷயம் கேக்கணும். யார் தேறுவாங்க, யார் தேற மாட்டாங்கன்னு முதல் மாசத்துலயே கண்டுபிடிக்க வழி இருக்கா?"

"கண்டுபிடிச்சு?"

"தேறாதவங்களை வேற பாடத்துக்கு அனுப்பிரலாம். புரோகிராமிங் எல்லாருக்கும் வராது. இங்கயே கெடந்து கஷ்டப்படுறதுக்கு, அவங்களுக்கும் அது நல்லதுதானே?"

மெஹருன்னிசா மேசையில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானம் எனக்கு அரியர் பிள்ளைங்களோட வகுப்பு இருக்கு. வந்து உக்காருங்க சார்."

சற்குணம் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஏற்கெனவே தோற்றுப்போன பிள்ளைகளின் வகுப்பு அது. மெஹருன்னிசா திரையில் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டார். நாலைந்து வரிதான் இருக்கும்.

"இன்னும் ஓட விடல. அதுக்கு முன்னாடி சொல்லுங்க. என்ன வரும்?"

யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. சற்குணத்துக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து விடையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. மெஹருன்னிசாவோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைப் போல நிம்மதியாக நின்றார்.

"ஏழு" என்றாள் ஒரு பெண், மெதுவாக.

"ஏழுன்னு ஏன் தோணுது?"

அவள் சொன்னாள். காரணம் தப்பு. மெஹருன்னிசா தப்பென்று சொல்லவில்லை. "வேற யாருக்கு வேற ஏதாவது தோணுது?" என்று கேட்டார். ஒருவன் எட்டு என்றான். "பக்கத்துல இருக்கவங்களை நம்ப வைங்க பாப்போம்" என்றார். அடுத்த நிமிஷம் வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஆளுக்கு ஆள் திரையைக் கைநீட்டிக் காட்டிச் சண்டை போட்டார்கள். பிறகு அவர் ஓடவிட்டார். ஆறு வந்தது.

"ஐயோ!" என்று வகுப்பே கத்தியது. சிரிப்பு அடங்குவதற்குள், அது எப்படி ஆறாகும் என்று அவர்களாகவே முதல் வரியிலிருந்து தேடத் தொடங்கினார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சற்குணம் எத்தனையோ கெட்டிக்காரக் குழுக்களை வைத்து வேலை வாங்கியவர். இப்படியொரு உற்சாகத்தை அவர் எங்கேயும் கண்டதில்லை. அந்த வகுப்பு முழுக்க மெஹருன்னிசா வாயிலிருந்து 'சரி' என்றோ 'தப்பு' என்றோ ஒரு சொல்கூட வரவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாளே தன் வகுப்பில் அதைச் செய்து பார்த்தார். சாயங்காலம் முகம் வாடித் திரும்பி வந்தார்.

"நீங்க செஞ்சதைத்தான் மேடம் செஞ்சேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"யாருமேவா?"

"முன்வரிசையில ஜெனோபா மட்டும் சொன்னா."

"சரியா சொன்னாளா?"

"ரொம்பச் சரியா சொன்னா. உடனே அடுத்ததுக்குப் போயிட்டேன்."

"போயிட்டீங்க" என்றார் மெஹருன்னிசா.

சற்குணம் அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தார். பிடிபட்ட மாதிரியும் இருந்தது, பிடிபடாத மாதிரியும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் இசக்கிராஜா வந்தான். களக்காட்டுப் பக்கத்துப் பையன். அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். கொஞ்ச நாளாக வகுப்புப் பக்கமே தலைகாட்டவில்லை. இப்போது மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து, துறைத் தலைவர் அறையில் தலையைக் குனிந்து நின்றான். சற்குணமும் அங்கே இருந்தார்.

"எங்க மச்சான் கோயம்புத்தூர்ல பட்டறையில சேத்து விடுதேன்னு சொல்லுதாங்க மேடம். போயிருதேன். எனக்கு இது வரல."

சற்குணத்துக்குப் பாவமாக இருந்தது. நாம் சொன்னது சரிதானே என்றும் உள்ளே ஒரு எண்ணம் ஓடியது.

மெஹருன்னிசா அவனைத் தடுக்கவில்லை. சற்குணத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துரலாம் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இவனை லேபுக்குக் கூட்டிட்டுப் போங்க. கடைசியா எந்த இடம் வரைக்கும் புரிஞ்சதுன்னு காட்டச் சொல்லுங்க. நீங்க எதையும் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

லேபில் அப்போது யாரும் இல்லை. இசக்கிராஜா ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாடங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். போன மாதப் பாடம் போனது. அதற்கு முந்தியதும் போனது. எங்கே போய் நிற்கப் போகிறான் என்று சற்குணம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாடத்துக்கே வந்து நின்றான். திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான்.

x = x + 1

"இதுக்கு முந்தின வரி வரைக்கும் புரிஞ்சுது சார்."

"இது முதல் வாரம் எடுத்ததாச்சே! இது ரொம்ப சிம்பிள்…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அன்னைக்கும் அப்படித்தான் சார் சொன்னீங்க" என்றான் இசக்கிராஜா. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. "சிம்பிளானதே நமக்குப் புரியல, இனி கஷ்டமானது எங்க புரியப் போவுதுன்னு நெனச்சேன்."

சற்குணம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல என்ன புரியல? நீ சொல்லு. நான் பேசல."

அவன் தயங்கினான். சற்குணம் காத்திருந்தார். இந்தத் தடவை அவருக்கு நாக்கு துடிக்கவில்லை.

"எக்ஸும், எக்ஸோட ஒண்ணைக் கூட்டினதும் எப்படி சார் சமமா இருக்கும்? ரெண்டு பக்கமும் எக்ஸைக் கழிச்சா பூஜ்யமும் ஒண்ணும் சமம்னு வருது. வீட்டுல நோட்டுல போட்டுப் போட்டுப் பாத்தேன். லேபுல கம்ப்யூட்டர் இதைத் தப்புன்னு சொல்ல மாட்டேங்குது. ஸ்கூல்ல கணக்குல நான்தான் சார் ஃபர்ஸ்ட். அப்போ படிச்ச கணக்கெல்லாமே எனக்குத் தெரியாது போலன்னு பயமாயிருச்சு."

சற்குணம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் இருந்த காலமெல்லாம் அன்றாடம் எழுதிய வரி அது. அது எவ்வளவு விபரீதமான வரி என்று ஒருநாளும் அவர் கண்ணில் பட்டதில்லை. இந்தப் பையனுக்குப் பட்டிருக்கிறது. முதல் வாரமே பட்டிருக்கிறது.

"நீ சொல்றது சரி" என்றார்.

"சரியா சார்?"

"கணக்குப்படி இது தப்பான வரி. உன் கணக்கு சரி."

இசக்கிராஜா நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தான். அறைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான்.

"அப்போ இது என்னது சார்?"

விடை அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

"என்னவா இருக்கும்? நீயே ஓட விட்டுப் பாரு."

அவன் எக்ஸுக்கு ஐந்தைக் கொடுத்து ஓடவிட்டான். ஆறு வந்தது. பத்தைக் கொடுத்தான். பதினொன்று வந்தது. அந்த வரியையே இரண்டு முறை அடுத்தடுத்து எழுதினான். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான்.

"சமமே இல்ல சார் இது" என்றான் திடீரென்று. "வலது பக்கம் இருக்கதை முதல்ல கூட்டுது. வந்ததை எடுத்து இடது பக்கம் வைக்குது. பழசு போயிருது. அவ்வளவுதான்!"

"அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு சார் சமம் குறியைப் போட்டுத் தொலைச்சாங்க?"

சற்குணம் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு இது கேக்கவே தோணலையே ராஜா!"

அடுத்த வரிக்குப் போனார்கள். அதற்கடுத்த வரிக்கும் போனார்கள். சாப்பாட்டு மணி அடித்தது இருவருக்கும் காதில் விழவில்லை. கிளம்பும்போது இசக்கிராஜா சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் நின்று, "நாளைக்கும் வரட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டான்.

"வா" என்றார் சற்குணம்.

நேராக மெஹருன்னிசாவிடம் போனார். நடந்ததையெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி மூச்சுவிடாமல் சொன்னார். மெஹருன்னிசா முகமெல்லாம் மலரக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூஜ்யமும் ஒண்ணும் சமம்னு வருதாமா? அருமையான பையன் சார்!"

"அவனுக்குள்ள இப்படி ஒரு கேள்வி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது மேடம்?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட அப்பவே சொல்லியிருப்பேனே."

சற்குணம் போக எழுந்தார். மனது கேட்கவில்லை. திரும்பவும் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு ஆத்தாமைதான் மேடம். எவ்வளவு பெரிய கேள்வி! முதல் வாரமே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அவன்?"

"கேட்டானே சார்."

"இல்ல மேடம். சத்தியமா கேக்கல. ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் நான் சந்தேகம் உண்டான்னு…"

"வகுப்புக்கு வராம நின்னானே" என்றார் மெஹருன்னிசா.

சற்குணம் மேசையில் இருந்த தன் வகுப்பின் வருகைப் பதிவேட்டை இழுத்து, வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.