அடைத்து வைத்த தாசில்தார்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே குருவாக இருந்தவர் திலகவதி அம்மா. துறவுக்கு வருமுன் ஒரு கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்தியவர். சீடர்களில் ஒருவர் வைரவநாதன், ஓய்வுபெற்ற நில அளவையர். குருவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர்.

வைரவநாதன் ஒரு மண்டல விரதம் எடுத்திருந்தார். நாற்பத்தெட்டு நாளும் விடியலில், வெறுங்காலோடு, வெறும் வயிற்றோடு மலையை ஒரு முறை சுற்றி வரவேண்டும். பிறகு தியானம். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

நாற்பத்தோராம் நாள் காலை சுற்றி முடித்து அவர் கூடத்தில் அமர்ந்தபோது, ஆசிரமத்து நாய் வாசலில் குரைத்தது. வருகிறவர்களையெல்லாம் முகர்ந்து விசாரிப்பதால் அதற்குத் தாசில்தார் என்று பெயர்.

"முப்பது வருஷம் தாசில்தாருக்குப் பயந்தேன். இங்கேயுமா?" என்று எழுந்த வைரவநாதன், அதை விறகுக் கொட்டகைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்.

கூடம் அமைதியானது. தியானம் நன்றாகக் கூடியது.

அரைமணி கழித்துச் சமையல்காரி செல்லத்தாயின் கூச்சல் கேட்டது. பின்பக்கமாக ஏழு குரங்குகள் சமையற்கட்டில் புகுந்துவிட்டன. ஓர் இட்லிகூட மிச்சமில்லை. சட்னி சுவரில் இருந்தது.

"நாயை எந்தப் புண்ணியவான் அடைச்சது?" என்று செல்லத்தாய் கரண்டியோடு வந்தாள். "இன்னைக்கு எல்லாருக்கும் விரதம்தான், போங்க!"

வைரவநாதன் எழுந்தார். தூணைப் பிடித்தபடி நடந்து குருவிடம் போனார். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"ஒரு சந்தேகம், அம்மா."

"கேளுங்க ஐயா."

"முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் மலையைச் சுத்தறேன். மாத்திரை சாப்பாடு இல்லையே, விரதம் கெடாதுன்னு நினைச்சேன். மாத்திரை அடக்கின வலி நான் தாங்கின வலியாகுமா? விரதம் செல்லுமா?"

"என்ன மாத்திரை?"

"டைக்ளோபினாக்."

"எத்தனை?"

"காலையில ரெண்டு. சாயங்காலம் ஒண்ணு. முப்பது நாளா."

"மலம் என்ன நிறத்துல போகுது?"

வைரவநாதன் திகைத்தார். "நான் விரதத்தைப் பத்திக் கேட்டேன், அம்மா."

"நான் மலத்தைப் பத்திக் கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கறுப்பா. தார் மாதிரி. நாலு நாளா. எழுந்தா தலை சுத்துது."

குரு செல்லத்தாயைக் கூப்பிட்டு ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு கேட்டார்:

"தாசில்தாரை அடைச்சது நீங்கதானே, ஏன்?"

"வாசல்ல குரைச்சது."

"குரங்கு வந்தது எந்தப் பக்கம்?"

"சமையற்கட்டுப் பக்கம்."

குரு தலையசைத்தார். "மூட்டு தேய்ஞ்சு வீங்கினா அங்கே உடம்பு ஒரு பொருளைச் சுரக்குது. வலியை உறைக்க வைக்கிறது அதுதான். உங்க மாத்திரை அதைச் சுரக்க விடாது. முழங்கால்ல மட்டும் இல்லை, உடம்பு முழுக்க."

"நல்லதுதானே?"

"இரைப்பையிலயும் அது சுரக்குது."

"அங்கே அதுக்கு என்ன வேலை?"

"காவல். நம்ம அமிலம் நம்ம வயித்தையே தின்னாம, சுவருக்குப் பூச்சு போட்டுக் காக்குது."

வைரவநாதன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொட்டகைக் கதவைத் தாசில்தார் பிராண்டுவது கேட்டது.

"சாப்பிட்டுட்டுப் போட்டிருந்தா?"

"எரிச்சல் குறைஞ்சிருக்கும். முப்பது நாள்னா அப்பவும் ஆபத்துதான். கிளம்புங்க. உள்ளே ரத்தம் கசியுது."

"இன்னும் ஏழு நாள், அம்மா." அவர் கிளம்பவில்லை. "படிப்பைப் பாதியில விட்டேன். வீட்டைத் தளம் வரைக்கும் கட்டி நிறுத்தினேன். தம்பியோட போட்ட சண்டையைக்கூட முடிக்கலை, அதுக்குள்ள அவன் போய்ச் சேர்ந்துட்டான். இந்த ஒண்ணையாவது முடிச்சிடறேன்."

குரு எழுந்து வெளியே போனார். நாற்பத்தொரு நாளாகக் வாசல் மூலையில் தூசி படிந்து கிடந்த வைரவநாதனின் செருப்பை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் காலடியில் வைத்தார்.

வைரவநாதன் பதறினார். "என் செருப்பை நீங்க தொடலாமா?"

"தொட்டாச்சு. போடுங்க."

குருவின் கை பட்ட செருப்பை மறுக்க அவருக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டார். ஆட்டோவில் ஏறுமுன் கொட்டகைக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்.

மருத்துவமனையில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் இரண்டு புண்கள். ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் நடந்திருந்தால் வழியிலேயே விழுந்திருப்பீர்கள் என்றார் மருத்துவர்.

ஏழாம் நாள் காலை அவர் ஆசிரமத்துக்குத் திரும்பினார். விரதத்தை முடித்திருக்க வேண்டிய நாள். முழங்கால் பழையபடி வலித்தது. செல்லத்தாய் நான்கு இட்லி வைத்தாள், சட்னியில் மிளகாய் இல்லாமல்.

"குரங்குக்குப் போக மிச்சம்," என்றாள்.

அவர் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டார். குரு வந்து எதிரில் அமர்ந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அந்த மாத்திரையை இனிமே தொடக்கூடாதாம். தாங்க முடியலைன்னா பாராசிட்டமால். அதுக்கும் அளவு உண்டாம், மீறினா ஈரல் போயிடுமாம். செருப்பில்லாம நடக்கக் கூடாதாம்."

"சரிதான்."

"இதையும் பாதியில விட்டுட்டேன், அம்மா."

"நாற்பத்தெட்டுல நாற்பத்தொண்ணு பாதியா? இப்படித்தான் ஊர் நிலத்தையெல்லாம் அளந்தீங்களா?"

செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். வைரவநாதனும் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"வலி வந்தா நான் என்ன செய்யணும்?"

அப்போது வாசலில் தாசில்தார் குரைத்தது. வைரவநாதன் பழக்கத்தில் பாதி எழுந்தார்.

"எதுக்குக் குரைக்குதுன்னு பார்த்துட்டு வாங்க," என்றார் குரு.

அவர் நொண்டியபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தபால்காரர். அவர் போயாச்சு, அம்மா. இது இன்னும் நிறுத்தலை."

குரு அவர் தட்டில் மீதியிருந்த இட்லியைப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு இட்லி போடுங்க. கொட்டகைப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."