தோற்றவர் தோண்டும் ஊற்று

மணலோடையில் அந்த வருஷம் ஊற்றுத் தோண்ட யாரும் நேரத்தில் இறங்கவில்லை. இரண்டு கூட்டத்திலும் சேர்த்து முப்பத்தொரு உயிர் போயிற்று. தண்ணீர் இரண்டு முழம் கீழேதான் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஓடைக்கு மேற்குக் கரையில் காட்டு எருமைகள். கிழக்குக் கரையில் காட்டுப் பன்றிகள். தை மாதத்தோடு ஓடையில் நீர் நின்றுவிடும். பங்குனியில் வெறும் மணல். அந்த மணலில் வருஷா வருஷம் இரண்டு கூட்டத்துக்கும் ஒரு பந்தயம் நடக்கும். காய்ந்த பனங்காய் ஒன்றை நடுவில் போடுவார்கள். எருமைகள் அதை உருட்டிக் கிழக்குக் கரையில் ஏற்ற வேண்டும். பன்றிகள் மேற்குக் கரையில் ஏற்ற வேண்டும். முட்டலாம், தள்ளலாம். கடிக்கக் கூடாது. விடிந்ததும் தொடங்கினால் உச்சிவெயிலுக்குள் முடிந்துவிடும்.

தோற்ற கூட்டம் ஊற்றுத் தோண்ட வேண்டும். அதுதான் தண்டனை. ஜெயித்த கூட்டம் கரையில் நின்று கேலி பேசும். நீர் சுரந்ததும் இரண்டு கூட்டமும் குடிக்கும். முதல் மழை வரும்வரை அந்த ஊற்றுதான் கதி.

கடைசியாக நடந்த பந்தயத்தில் எருமைகள் தோற்றன. பன்றித் தலைவன் ஒற்றைப்பல்லன் கரையில் சாய்ந்துகொண்டு குரல் கொடுத்தது.

“மச்சான், இன்னும் கொஞ்சம் ஆழமா. போன வருஷம் தண்ணி கலங்கலா இருந்ததுன்னு எங்க வீட்டுல ஒரே குறை.”

எருமைத் தலைவன் வளைகொம்பன் நிமிரவில்லை. “பேசு, பேசு. அடுத்த பங்குனியில உன் மூக்கு மண்ணுக்குள்ள இருக்கும். அப்ப நான் பேசறேன்.”

“என் மூக்கு எப்பவும் மண்ணுக்குள்ளதான் இருக்கு மச்சான். எனக்கு அது தண்டனையா?”

தோண்டிக்கொண்டிருந்த எருமைகளே சிரித்துவிட்டன.

அவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கம் வியர்க்கும், ஒரு பக்கம் வாயாடும், இரண்டு பக்கமும் குடிக்கும். ஊற்றுத் தோண்டுவது ஒரு வேலை என்று யாரும் நினைத்ததில்லை. பந்தயம் இல்லாவிட்டால் அதை யார் செய்வார்கள் என்றும் யாரும் யோசித்ததில்லை.

வளைகொம்பன் முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு குடியிருந்தது. எருமை நடந்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும். கொக்குக்குச் சாப்பாடு. எருமை சேற்றில் படுத்துக் கிடந்தால் கொக்குக்குப் பட்டினி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் ஒருநாள் கொக்கு சொன்னது: “அண்ணே, உங்க உடம்புக்கும் கொம்புக்கும் இந்தப் பன்னிங்களோட மல்லுக்கட்டறது நல்லாவா இருக்கு?”

“ஏன், என்ன கேடு?”

“பெருமலையில ஒரு சங்கம் சேர்த்திருக்காங்க. யானை இருக்கு, காட்டு மாடு இருக்கு, கடம்பை மான் இருக்கு. மாசா மாசம் பந்தயம். பாக்கறதுக்குக் காடே கூடுது. சேர்ந்தவங்களுக்கு உப்பு மண்ணு. நக்கிக்கிட்டே இருக்கலாம்.”

உப்பு என்றதும் எருமைகளின் காது நிமிர்ந்தது.

“எவ்வளவு தூரம்?” என்றது வளைகொம்பன்.

“ஏழு நாள் நடை. அண்ணனுக்கு அது ஒரு தூரமா?”

கன்று ஈன்ற எருமை ஒன்று கேட்டது: “கன்னுங்க நடக்குமா?”

“நடந்தாத்தானே காலுக்குப் பலம் வரும்.”

“பங்குனிப் பந்தயம்?”

“நேரம் கிடைச்சா வந்து ஆடிட்டுப் போங்க. யார் வேணாம்னாங்க?”

கொக்கு பேசி முடிப்பதற்குள் வளைகொம்பன் நடக்கத் தொடங்கிவிட்டது. நாற்பது எருமைகள் பின்னால் போயின.

ஓடையைக் கடக்கும்போது ஒற்றைப்பல்லன் வழியில் நின்றது. “எங்க மச்சான், குடும்பத்தோட?”

“பெருமலைக்கு. இனிமே யானையோட ஆட்டம்.”

“அப்ப பங்குனி?”

“வர முடிஞ்சா வர்றோம்.”

“வர முடிஞ்சாவா? தோத்த கோபம் இன்னும் தீரலையா?”

வளைகொம்பன் நின்றது. “உன்கிட்ட ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? மலையில உன்னை எவனுக்குத் தெரியும்?”

இத்தனை வருஷக் கேலியில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. ஒற்றைப்பல்லன் வழியை விட்டு விலகியது. எருமைகள் கண்ணை விட்டு மறைந்த பிறகு தன் கூட்டத்திடம் சொன்னது: “ஞாபகம் வச்சுக்குங்க. ஆட்டத்தை விட்டு ஓடறவன் தோத்தவன்.”

எருமைகள் மலையேறின. நான்காம் நாள் இரண்டு கன்றுகள் பாறைச் சரிவில் படுத்தன. எழவில்லை. தாய்கள் நின்று பார்த்தன. கொக்கு, “சீக்கிரம் அண்ணே, யானைங்க காத்துக்கிட்டு இருக்கும்” என்றது.

யானைகள் காத்துக்கொண்டிருக்கவில்லை. மூங்கில் தின்றுகொண்டிருந்தன. மலையில் பனங்காய் கிடையாது. பலாக்காய் வைத்து ஆடுவார்கள். வளைகொம்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்தது. யானை காலைத் தூக்கிக் காயின் மேல் வைத்தது. காய் கூழாயிற்று. ஆட்டம் முடிந்தது.

“அடுத்து யாரு?” என்றது யானை.

“நாங்க எருமைங்க. மணலோடையிலேர்ந்து ஏழு நாள் நடந்து வந்திருக்கோம்.”

“அப்படியா?” யானை மூங்கிலுக்குத் திரும்பிக்கொண்டது.

ஒரு கேலியாவது பேசும் என்று வளைகொம்பன் சிறிது நேரம் நின்று பார்த்தது. பேசவில்லை. கேலி பேச எதிராளியின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும்.

உப்பு மண்ணுக்கு வரிசை இருந்தது. யானை முதலில், பிறகு காட்டு மாடு, பிறகு மற்றவர்கள். எருமைகளின் முறை வந்தபோது அங்கே பாறைதான் இருந்தது. பாறையை நக்கின. வெயில் ஏறியதும் சுனைத் தண்ணீருக்கும் அதே வரிசை.

ஒருமுறை கடம்பை மான்களை எருமைகள் ஜெயித்தன. மான் தலைவன், “நீங்களா ஜெயிச்சீங்க? சரி” என்று சொல்லிவிட்டு மேயப் போயிற்று.

“ஜெயிச்ச மாதிரியே இல்லையே” என்றது ஓர் எருமை.

“பன்னியா இருந்தா இந்நேரம் மண்ணுல புரண்டு, அது கணக்குல சேராதுன்னு நாலு நாள் சண்டை போட்டிருப்பான்” என்றது இன்னொன்று. யாரும் சிரிக்கவில்லை.

பங்குனி பிறந்தது. வளைகொம்பன் கொக்கைக் கூப்பிட்டது. கொக்கு இப்போது யானை முதுகில் இருந்தது.

“ஓடைக்குப் போகணும். எங்க ஆட்டம் வந்துடுச்சு.”

“எப்படி அண்ணே முடியும்? தெற்குச் சரிவுல காட்டு மாட்டோட உங்களுக்கு ஆட்டம் இருக்கே. வராதவங்களைச் சங்கத்தை விட்டுத் தள்ளிடுவாங்க. அப்புறம் உப்பு?”

“எங்க இருக்கு உப்பு?”

“அடுத்த வருஷம் வரிசையில கொஞ்சம் முன்னால விடுவாங்க அண்ணே.”

வளைகொம்பன் தெற்குச் சரிவுக்குப் போயிற்று. அந்த வழியில் மூன்று கன்றுகள் விழுந்தன.

மணலோடையில் பன்றிகள் பனங்காயை நடுவில் போட்டு அணிவகுத்து நின்றன. ஒருநாள் நின்றன. மூன்று நாள் நின்றன. வேடிக்கை பார்க்க மருதமரத்தில் ஏறியிருந்த குரங்குகள் சலித்துப் போய் இறங்கிவிட்டன. நான்காம் நாள் ஒற்றைப்பல்லன் தனியாகப் பனங்காயை உருட்டிக்கொண்டுபோய் மேற்குக் கரையில் ஏற்றியது.

“ஜெயிச்சோம்” என்றது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“எருமைங்க தோத்தாச்சு. வந்து தோண்டணும். அதுவரைக்கும் எவனும் அந்த இடத்துல கால் வைக்கக் கூடாது.”

பன்றிக்குத் தோண்டத் தெரியாதா? பிறந்தது முதல் அதே பிழைப்பு. அந்தச் சித்திரையிலும் கிழங்குக்குத் தோண்டின, புழுவுக்குத் தோண்டின. ஊற்றிடத்தில் மட்டும் மூக்கை வைக்கவில்லை. அது தோற்றவர் இடம். ஜெயித்தவர் அங்கே எப்படி இறங்குவது?

முதலில் கிழடுகள் விழுந்தன. பிறகு குட்டிகள்.

மண்மூக்கி என்று ஒரு பெண் பன்றி. அதற்கு நாலு குட்டி. அது ஒற்றைப்பல்லனிடம் வந்தது.

“அண்ணே, தோண்டிடலாம். தண்ணி இருக்கு. மேல நின்னு மோந்து பாத்தேன்.”

“தோத்திருந்தா தோண்டலாம்.”

“யாருகிட்ட தோக்கறது? எதிர்ல ஆளே இல்லையே.”

“அதனாலதான் ஜெயிச்சோம். ஜெயிச்சவன் மண்ணுல இறங்கினா பந்தயத்துக்கு என்ன மரியாதை? நாளைக்கு எருமை வந்து, ‘என்ன மச்சான், நான் இல்லாமலே தோத்துட்டியா’ன்னு கேப்பான். நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?”

“கேக்கறதுக்கு அவன் வரணுமே.”

“வருவான். உப்பு சலிச்சா வருவான்.”

மண்மூக்கி திரும்பிப் போயிற்று. பழக்கம் அதற்கும் பழக்கம்தான். அன்றே இறங்கியிருந்தால் கதை வேறு. இறங்கவில்லை.

அடுத்த வாரத்தில் அதன் குட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிக் குட்டி தாயின் காதுக்குக் கீழே மூக்கை வைத்து ஈரம் தேடிக்கொண்டே செத்தது.

அன்று உச்சிவெயிலில் மண்மூக்கி ஓடைக்குள் இறங்கியது. நேராக ஊற்றிடத்துக்குப் போய் மூக்கை ஊன்றியது. மேல்மண் ஓடாக இறுகிக் கிடந்தது. இரண்டு தள்ளு தள்ளியதும் மூக்கில் ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒற்றைப்பல்லன் கத்தியது: “ஏய், நில்லு! நாம தோக்கல.”

“நான் தோத்தேன்.”

“யாருகிட்ட?”

“நாலு குட்டி தண்ணி கேட்டுச்சு. கையில வழி இருந்தும் குடுக்கல. தோத்தேன். தோத்தவ தோண்டறேன். நீங்கல்லாம் ஜெயிச்சவங்க. கரையில நின்னு கேலி பேசறதுன்னா பேசுங்க.”

மண்மூக்கி திரும்பவும் மண்ணைத் தள்ளியது.

சிறிது நேரம் கழித்து இன்னொரு பெண் பன்றி இறங்கியது. “என்னோடது ரெண்டு” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் மூக்கை ஊன்றியது. பிறகு பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு கிழவன் வந்தது. பிறகு கணக்கில்லை. ஒற்றைப்பல்லன் மட்டும் கரையில் நின்றது. அதன் மகன் செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி அது யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை. பொழுது சாயும்போது அதுவும் இறங்கி, மண்மூக்கியின் முகத்தைப் பார்க்காமல் ஓர் ஓரமாகத் தோண்டத் தொடங்கியது.

இரண்டு முழத்தில் மண் கறுத்தது. பிறகு கசிந்தது. பிறகு நின்றது தண்ணீர். குடிக்க மிஞ்சியிருந்தவை குடித்தன. பத்தொன்பது பன்றிகள் இல்லை.

மூன்றாம் நாள், மலைச் சுனையில் முறை கிடைக்காமல் திரும்பிய எருமைகள் மேற்குக் கரையில் வந்து நின்றன. போனது நாற்பது. வந்தது இருபத்தெட்டு. விலா எலும்பை எண்ணலாம். தண்ணீரைப் பார்த்தும் கீழே இறங்கவில்லை.

“மச்சான்” என்றது வளைகொம்பன்.

ஒற்றைப்பல்லன் நிமிர்ந்தது. “வந்துட்டியா? பங்குனியில நாங்க ஜெயிச்சோம், தெரியுமா? முறைப்படி பாத்தா நீங்கதான்...”

“அண்ணே, அதைப் பங்குனியில பேசிக்கலாம்” என்று மண்மூக்கி குறுக்கே வந்தது. எருமைகளைப் பார்த்து, “இறங்குங்க. கன்னுங்களை முதல்ல விடுங்க” என்றது.

“கன்னு ஒண்ணும் இல்லம்மா” என்றது வளைகொம்பன்.

மண்மூக்கி விலகி இடம் விட்டது. எருமைகள் குடித்தன.

அடுத்த பங்குனியில் பனங்காயைக் கொண்டு வந்தபோது மண்மூக்கி அதன் முன்னால் போய் நின்றது.

“முதல்ல ரெண்டு பேரும் தோண்டுங்க. அப்புறம் ஆடுங்க.”

“அப்ப தோத்தவனுக்கு என்ன தண்டனை?” என்றது ஒற்றைப்பல்லன்.

“ஒரு வருஷம் அடுத்தவன் கேலியைக் கேக்கணும். அது போதாதா?”

வளைகொம்பன் ஒற்றைப்பல்லனைப் பார்த்தது. “இவன் வாயைக் கேக்கறதுக்குப் பேசாம நான் ரெண்டு ஊற்றே தோண்டிடுவேனே” என்றது. இரண்டும் அருகருகே நின்று மண்ணைக் கிளறத் தொடங்கின. ஆட்டம் மறுநாள் நடந்தது. அதில் யார் ஜெயித்தால் நமக்கென்ன?

கொக்கு மலைக்கு அப்பால் வேறொரு கூட்டத்திடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

தூரத்துப் பெருமைக்காகப் பக்கத்து எதிரியை விட்டுப் போகிறவனும், வெற்றி என்கிற வெறும் பெயருக்காகச் சொந்தக் குட்டியைத் தாகத்தில் விடுகிறவனும் ஒரே முட்டாள்தான். இது புரிந்து, புரியத் தாமதமாகிவிட்டதும் தெரிந்து, அந்த ஓடையில் முதலில் இறங்கியது மண்மூக்கி.