பல்லக்குத் தோள்

"டாக்டரம்மா, நானும் இழுத்து இழுத்துப் பாக்கேன். இந்தக் கை மேலே போக மாட்டேங்குது" என்றார் சடகோபன்.

மீசை முளைத்த நாள் முதல் பெருமாள் பல்லக்கைத் தூக்கிய தோள் அது. இப்போது இறுகிக் கிடக்கிறது.

பல்லக்கின் தண்டைத் தோளில் ஏற்றக் கை தலைக்கு மேலே எழ வேண்டும். திருவிழாவுக்குள் எழாவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பான். அவன் இப்போதே தோளுக்குத் துண்டு மடிக்கிறானாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

உடற்பயிற்சி கொடுத்துக் குணமாக்கும் ஜெசிந்தா அவரைவிட எவ்வளவோ இளையவள்.

"நான் சொன்ன மாதிரிதான் செஞ்சீங்களா, அண்ணாச்சி?"

"அதுக்கு மேலேயே செஞ்சேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, என் மச்சினனைக் கையைப் பிடிச்சுத் தூக்கச் சொன்னேன்."

"தூக்கினாரா?"

"நான் போட்ட சத்தத்துல ஓடிட்டான்."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். கையை ஏந்தி மெல்லத் தூக்கினாள். பாதியில் நின்றது. நின்ற இடத்தில் தன் உள்ளங்கையை அணையாகக் கொடுத்தாள்.

"இப்போ கீழே அமுக்குங்க."

"மேலே போக வழி கேட்டு வந்தவனைக் கீழே அமுக்கச் சொல்றீங்களே!"

"அமுக்குங்க. மெதுவா."

அமுக்கினார்.

"போதும். விட்டுடுங்க."

"விட்டுட்டேன்."

அவள் காத்திருந்தாள்.

"விட்டாச்சும்மா."

"இல்லை, அண்ணாச்சி."

சடகோபன் குனிந்து பார்த்தார். இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது. கால்விரல்கள் தரையைக் கவ்வியிருந்தன. தாடையும் பூட்டிக் கிடந்தது. ஒன்றைத் தளர்த்தினால் இன்னொன்று பிடித்துக்கொண்டது.

"எங்க பழக்கம் அப்படிம்மா. தண்டுக்குக் கீழே நிக்கிறவன் விடவே கூடாது. விட்டா பெருமாள் கீழே வந்துடுவாரு."

"வருஷம் பூராவுமா தூக்குவீங்க?"

"அதெப்படி? விழா நாள்ல மட்டும்தான்."

"மத்த நாள்ல அவரை யாரு தாங்குறா?"

சடகோபன் வாயைத் திறந்தார்.

நாற்காலியைப் பிடித்திருந்த இடது கை தானாக நழுவியது.

ஜெசிந்தாவின் உள்ளங்கையில் அந்தக் கை மெல்லக் கனத்தது. அவள் அதை ஏந்திக்கொண்டு மேலே போனாள்.

கை காதைத் தாண்டியதை அவர் கவனிக்கவில்லை.